பெரட்டுக்கு வராத கணினிகள்

குருபோங்கில் பால்மரம் வெட்டிய காலத்தைப் பற்றி என் பாட்டி சொல்லும் கதைகளில் பெரட்டு வராத கதை கிடையாது. விடியுமுன் வரிசையில் நிற்க வேண்டும். கிராணி பெயரைக் கூப்பிடுவார். குரல் கொடுக்காதவருக்கு அன்று பெயரும் இல்லை, சம்பளமும் இல்லை. அந்தப் பெரட்டு பல வருடம் கழித்து ஒரு சர்வர் அறையில் என் நினைவுக்கு வரும் என்று நான் எண்ணியதில்லை.

தொழிற்பயிற்சிக்குப் போன இடத்தில் (ஊர் பேர் வேண்டாம்) பழைய சர்வர் ஒன்றைக் கழற்றச் சொன்னார்கள். சுவிட்சின் 17ஆம் போர்ட்டில் அதன் பெயரெழுதிய தாள் ஒட்டியிருந்தது. கேபிளைப் பிடுங்கினேன். போனது பழைய சர்வர் அல்ல, மாணவர் பாடப்பதிவு சர்வர். அன்றுதான் பதிவுக்குக் கடைசி நாள். எதைப் பிடுங்கினோம் என்று கண்டுபிடிக்கவே நாற்பது நிமிடம் ஆயிற்று. தாளை ஒட்டியவர் வேலையை விட்டுப் போய் நெடுநாளாகியிருந்தது. அதற்குப் பிறகு கேபிள்கள் இடம் மாறிவிட்டன, தாள் மாறவில்லை. கதவுக்கு வெளியே என்னைப் போன்ற தோட்டத்துப் பிள்ளைகளும் கையில் படிவத்தோடு நின்றார்கள்.

இந்தச் சிக்கலுக்கு மருந்து அப்போதே இருந்தது. 1994இல் சிஸ்கோ தன் கருவிகளுக்கென்று சி.டி.பி. என்ற நெறிமுறையை உருவாக்கியது. எல்லா நிறுவனக் கருவிகளுக்கும் பொதுவாக 2005இல் ஐ.இ.இ.இ. 802.1ஏபி என்ற தரம் வந்தது. அதுதான் எல்.எல்.டி.பி. கணினி 30 விநாடிக்கொரு முறை தன் கேபிளின் மறுமுனையில் இருக்கும் அண்டைக் கருவியிடம் மட்டும் தன்னை அறிவிக்கும். நான் யார், எந்த போர்ட்டிலிருந்து பேசுகிறேன், இந்தச் செய்தியை எத்தனை விநாடி நம்பலாம் என்ற மூன்றும் கட்டாயம். பெயர், விவரம், நிர்வாக முகவரி ஆகியவை விருப்பம். வழக்கமாக 120 விநாடி குரல் வராவிட்டால் சுவிட்ச் அந்தப் பெயரைத் தன் பட்டியலிலிருந்து அடித்துவிடும். ஐ.பி. முகவரி தவறாக இருந்தாலும், இல்லாமலே இருந்தாலும் இது வேலை செய்யும். கிராணி கூப்பிடத் தேவையில்லாத பெரட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று அந்தச் சர்வர் மட்டும் வாய் திறந்திருந்தால், சுவிட்சில் ஒரே கட்டளை 17ஆம் போர்ட்டில் இருப்பது யாரென்று சொல்லியிருக்கும்.

ஆனால் பேச வேண்டியவைதாம் பேசாமல் இருக்கின்றன. சுவிட்சுகள் பேசுகின்றன. 2006இல் வந்த எல்.எல்.டி.பி.-மெட் விரிவாக்கத்துக்குப் பின் மேசைத் தொலைபேசிகள்கூடப் பேசுகின்றன. சர்வர்களோ ஊமை. லினக்ஸில் பரவலாக உள்ள சிஸ்டம்டி-நெட்வொர்க்டி, நாம் சொல்லாதவரை அண்டையார் பேச்சைக் கேட்குமே தவிர தன் பெயரைச் சொல்லாது. வின்சென்ட் பெர்னா எழுதிய எல்.எல்.டி.பி.டி. என்ற இலவச நிரலை நிறுவினால் ஐந்து நிமிடத்தில் சொல்ல வைத்துவிடலாம். (இன்டெல் எக்ஸ்710 அட்டை வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதன் ஃபர்ம்வேர், வரும் அறிவிப்புகளைத் தானே விழுங்கிவிடும். முதலில் அதை அணைக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு இரவு போயிற்று.)

“நம் விவரத்தை நாமே ஏன் ஊருக்குச் சொல்ல வேண்டும்?” என்று பாதுகாப்பு படித்த நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சர்வர் சொல்வது ஊருக்குப் போவதில்லை. எல்.எல்.டி.பி. தெரிந்த சுவிட்ச் அதை மறு போர்ட்டுக்குக் கடத்தாது. கெர்னல் பதிப்பை மறைக்க வேண்டுமானால் எல்.எல்.டி.பி.டி.யில் அதற்கென்றே ஒரு தெரிவு உண்டு. நான் உண்மையில் அஞ்சுவது வேறு இரண்டுக்கு. ஒன்று, இந்த அறிவிப்பில் கையொப்பம் இல்லை; யார் வேண்டுமானாலும் யார் பெயரையும் சொல்லலாம். ஆகவே இதை அடையாள அட்டையாகக் கொள்ளக்கூடாது. மற்றொன்று, கேட்கும் நிரலிலேயே ஓட்டை இருக்கலாம். 2020இல் ஆர்மிஸ் நிறுவனம் சிஸ்கோவின் சி.டி.பி.யில் ஐந்து ஓட்டைகளை வெளியிட்டது. எனவே விடுதி, நூலகம் போன்ற பொது இடத்து போர்ட்டுகளில், அங்கே மேசைத் தொலைபேசி இல்லையென்றால், பேச்சு கேட்பு இரண்டையும் அணைத்துவிடுங்கள். பூட்டிய அறைக்குள் இருக்கும் சர்வரை ஊமையாக்கிவிட்டு, அதைப் பாதுகாப்பு என்று சொல்வதை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

இதைப் பாட்டியிடம் சொன்னபோது, “கூப்புடாமலே பேரு சொல்லுமா? அப்போ கெராணிக்கு என்னாய்யா வேல?” என்றார். வேலை இருக்கிறது. பயிற்சி முடியும் முன் அந்த அறையின் சர்வர்கள் எல்லாவற்றிலும் எல்.எல்.டி.பி.டி.யை நிறுவிவிட்டு, சுவிட்சில் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். மூன்று சர்வர்கள் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தன: லோக்கல்ஹோஸ்ட். நான்காவதின் பெயர் டெஸ்ட்2. அதுதான் பாடப்பதிவு சர்வர்.