தீர்ந்த கணக்குக்குத் திரும்பவும் வட்டியா?

அமெரிக்காவிலிருந்து நாடு கடத்தப்பட்டவன் அனுமதியின்றித் திரும்பினால், உச்சத் தண்டனை 2 ஆண்டு. பெருங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றபின் கடத்தப்பட்டவனாயின் 10 ஆண்டு. அக்குற்றம் ‘கொடுங்குற்ற’ப் பட்டியலில் இருப்பின் 20 ஆண்டு!

1988-இல் அப்பட்டியலில் இருந்தவை கொலை, போதைமருந்துக் கடத்தல், ஆயுதக் கடத்தல். 1996-இல் நீட்டினர், ஓராண்டுத் தண்டனை பெற்ற திருட்டும் அதிலே அடக்கம்! பிள்ளையின் முகம் காணத் திரும்பியவனுக்கும் இதே விதி.

“தண்டிப்பது புதுக் குற்றத்தையே” என்பர். தாண்டிய எல்லை ஒன்றுதானே? உச்சவரம்பு மட்டும் பத்து மடங்கானது எதனால்? அன்றே சிறையில் கழித்துத் தீர்த்த பழைய குற்றத்தால் அன்றோ!

அப்பழைய குற்றத்தைக் குற்றப்பத்திரிகையில் கூறவும் வேண்டாம், ஜூரிகள்முன் மெய்ப்பிக்கவும் வேண்டாம் என 1998-இல் தீர்ப்பளித்தது அமெரிக்க உச்சநீதிமன்றம். 5 பேர் ஒருபுறம். 4 பேர் மறுபுறம். அவ்வழக்கில் நின்றவருக்கு 85 மாதச் சிறை. அந்த ஐவரில் ஒருவரான நீதிபதி தாமஸ், தாம் சேர்ந்தது பிழையென 2000-இல் எழுதினார். பிழையை ஒப்பினார் நீதிபதி. தீர்ப்போ இன்றும் நிற்கிறது!

செய்த பிழைக்குத் தண்டனை தருக, மறுக்கவில்லை. சுமந்து இறக்கிய சுமையை மீண்டும் தோளில் ஏற்றாதீர்! அதுதான் நாம் கேட்கும் நீதி.