பிள்ளைத்தாய்ச்சி இறாலுக்கு என்ன சாப்பாடு?

தாயில்பட்டிக்குக் கடல் கிடையாது. கரிசல் காடு, கந்தக வாடை, தீப்பெட்டி, பட்டாசு. இதுதான் ஊர். ஆனால், பக்கத்தில் வெம்பக்கோட்டை விஜயகரிசல்குளம் மேட்டில் 2022 மார்ச்சில் தமிழகத் தொல்லியல் துறை குழி தோண்டத் தொடங்கியதும், மண்ணுக்குள்ளிருந்து வந்த பொருட்களில் முக்கியமான ஒன்று கடலுக்குச் சொந்தமானது. சங்கு வளையல்!

முழு வளையல், உடைந்த வளையல், பூ வேலைப்பாடு செய்த வளையல் என்று நிறையவே கிடைத்தன. சங்கை அறுத்து வளையல் செய்யும் தொழிலே இங்கு நடந்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். மேட்டை ஒட்டி ஓடும் வைப்பாறு, கிழக்கே போய் சிப்பிகுளம் பக்கம் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அந்தக் கடல்தான் சங்கு குளிக்கும் கடல்.

வளையலாகும் முன் அந்தச் சங்குக்குள் ஓர் உயிர் இருந்தது. அது எதைத் தின்று வளர்ந்தது, எப்படிக் குஞ்சு பொரித்தது என்ற கதை, இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் இறால் ஹேச்சரிகள் வரை நீள்கிறது.

சங்குப் பூவும் கடற்புழுவும்

சென்னை மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹோர்னெல், 1914-ல் சங்கைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். சங்கின் முக்கிய உணவு, கடலடி மணலில் குழாய் கட்டி வாழும் புழுக்கள். மண்புழுவுக்குத் தூரத்துச் சொந்தம் இவை. உடலின் இரு பக்கமும் சின்னச் சின்ன முடிக்கற்றைகள் இருக்கும். ஹேச்சரிக்காரர்கள் வாயில் இதன் பெயர் 'பாலிகீட்'.

தாய்ச் சங்கு முட்டையைத் தண்ணீரில் கொட்டிவிட்டுப் போவதில்லை. வளைந்த ஆட்டுக்கொம்பு மாதிரி, அறை அறையாக அடுக்கிய ஒரு கூட்டைச் செய்து, அதன் அடியை மணலில் ஊன்றி வைக்கிறது. மீனவர்கள் இதற்கு வைத்த பெயர் 'சங்குப் பூ'. குஞ்சுகள் அந்த அறைகளுக்குள்ளேயே வளர்ந்து, முதுகில் ஓட்டோடுதான் வெளியே வருகின்றன. அதுவரைக்கும் வேண்டிய சாப்பாடு மொத்தமும் தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறுதான்.

இறால் இதற்கு நேர் எதிர். ஹேச்சரிகளில் இருக்கும் வனாமி இறால் ஒன்று, ஒரே இரவில் 1 லட்சம் முதல் 2 லட்சம் முட்டை வரை தண்ணீரில் விட்டுவிடும். ஒரு நாளுக்குள் முட்டை பொரிந்து 'நாப்ளி' என்னும் பொடிக்குஞ்சு வருகிறது. முதல் இரண்டு நாள் அது எதையும் தின்னாது. முட்டைக் கருவில் தாய் வைத்த கொழுப்பிலும் புரதத்திலும்தான் ஓட வேண்டும். அந்தப் பொட்டலத்தில் ஏதாவது குறைந்தால், முட்டை எண்ணிக்கை குறையும். பொரியும் விகிதம் குறையும். பொரிந்த குஞ்சும் நோஞ்சானாக இருக்கும்.

கூடு கட்டும் தாயோ, கொட்டிவிட்டுப் போகும் தாயோ, கட்டுச்சோற்றில் தவறாமல் இருக்க வேண்டியது ஒன்று உண்டு. அது கடல் கொழுப்பு.

நல்லெண்ணெய் போதாதா?

விருதுநகர் எண்ணெய்க்குப் பேர்போன ஊர். அந்த ஊர்க்காரருக்கு நியாயமாகவே ஒரு கேள்வி வரும். கொழுப்புதான் வேண்டும் என்றால், தாய் இறாலின் தீவனத்தில் நல்லெண்ணெயைக் கலந்தால் போதாதா?

போதாது. காரணத்தைச் சமையலறையிலேயே பார்க்கலாம். மார்கழியில் நெய் கல்லாக உறைகிறது. தேங்காய் எண்ணெயும் உறைகிறது. நல்லெண்ணெய் மட்டும் ஓடுகிறது. எண்ணெயும் நெய்யும் 'கொழுப்பு அமிலம்' என்னும் நீளச் சங்கிலிகளால் ஆனவை. நெய்யில் பெரும்பாலான சங்கிலிகள் விறகுக்கட்டு போல நேராக இருப்பதால் நெருக்கி அடுங்கி உறைந்துவிடுகின்றன. நல்லெண்ணெயில் சங்கிலிக்கு ஒன்றிரண்டு இடத்தில் வளைவு. வளைந்த விறகு நெருங்கி அடுங்காது. அதனால் உறையாது.

கடல் கொழுப்பில் இந்த வளைவுகள் இன்னும் அதிகம். நல்லெண்ணெயின் முக்கியச் சங்கிலிகளில் 18 கார்பன். வளைவு ஒன்று அல்லது இரண்டு. கடல் கொழுப்பில் மூன்று பேர் முக்கியம். 20 கார்பனும் 4 வளைவும் கொண்ட அராகிடோனிக் அமிலம், 20 கார்பனும் 5 வளைவும் கொண்ட ஈ.பி.ஏ., 22 கார்பனும் 6 வளைவும் கொண்ட டி.எச்.ஏ. கண், நரம்பு, உயிரணுக்களின் மெல்லிய தோல் என்று புதிதாக உருவாகும் உடலுக்கு இந்த நெளிவு தேவை.

18 கார்பன் சங்கிலியைக் கொடுத்தால் இறாலே நீட்டிக்கொள்ளாதா? அந்த வேலை அதற்குச் சரியாக வராது. மிகச் சொற்ப அளவே செய்ய முடியும். கொலஸ்ட்ராலும் அப்படித்தான். மனிதர்கள் குறைக்கப் படாதபாடு படும் கொலஸ்ட்ராலை, இறாலால் சொந்தமாகச் செய்துகொள்ள முடியாது. எல்லாமே சாப்பாட்டில் வந்தாக வேண்டும்.

அதனால்தான் ஹேச்சரியில் முட்டைக்குத் தயாராகும் தாய் இறாலுக்குத் தனிப் பந்தி. உலர் தீவனம் ஒதுங்கிக்கொள்ள, கணவாய்த் துண்டும் பாலிகீட் புழுவும் முன்னால் வரும். ஒரு நாளைக்குப் பல வேளை, உடல் எடையில் கால் பங்கு வரைக்கும்கூடச் சாப்பாடு போகும். புழுவில் அராகிடோனிக் அமிலமும் ஈ.பி.ஏ.வும், கணவாயில் டி.எச்.ஏ.வும் கொலஸ்ட்ராலும் கிடைக்கின்றன.

தகவல் சொல்லும் கொழுப்பு

கொழுப்பு வெறும் கட்டுச்சோறு மட்டும் இல்லை. அராகிடோனிக் அமிலத்திலிருந்து 'புரோஸ்டாகிளாண்டின்' என்னும் தூதுப் பொருட்கள் உருவாகின்றன. பெண்களுக்குப் பிரசவ வலி எடுப்பதில் பங்கு வகிக்கும் அதே வகைப் பொருட்கள்தான் இவை. இறாலிலும் சிப்பியிலும் முட்டை முதிர்வதிலும் வெளியேறுவதிலும் இவற்றுக்கு வேலை இருக்கிறது.

இதைவிட ஆச்சரியம் பிரிட்டன் கடற்கரையில் கிடைத்தது. அங்கே சேற்றில் வாழும் 'லக்வார்ம்' என்ற கடற்புழுவின் ஆண், விந்தணுக்களைக் கொத்துக் கொத்தாக உடலுக்குள் சேர்த்து வைத்திருக்கும். அவை நீந்தாது, காத்திருக்கும். பருவம் வந்ததும் தலைப் பகுதியிலிருந்து ஒரு சமிக்ஞை வரும். கொத்து பிரிந்து விந்தணுக்கள் நீந்தத் தொடங்கும். அந்தச் சமிக்ஞை என்ன என்று 1990-ல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தபோது, அது புரதமும் இல்லை, சிக்கலான ஹார்மோனும் இல்லை. 20 கார்பனும் 3 வளைவும் கொண்ட ஒரு கொழுப்பு அமிலம்!

கண்ணைப் பறித்து முட்டை வாங்குவது

இவ்வளவு கவனமாகச் சாப்பாடு போடும் அதே ஹேச்சரிகளில் இன்னொரு வேலையும் நடக்கிறது. தாய் இறாலின் ஒரு கண்காம்பை நசுக்கியோ, சூடுபோட்டோ எடுத்துவிடுகிறார்கள். முட்டை முதிர்வதைத் தடுத்து வைக்கும் ஹார்மோன் அந்தக் காம்பில்தான் சுரக்கிறது. 1943-ல் பனூஸ் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி இறாலில் இதைக் காட்டினார். காம்பு போனால் தடை போகும். சில நாட்களில் முட்டை, அடுத்தடுத்து முட்டை. ஆனால், சேமிக்க நேரம் இல்லாமல் முட்டை போட்டுக்கொண்டே இருக்கும் தாயின் கொழுப்புக் கையிருப்பு கரைகிறது.

ஸ்காட்லாந்தின் ஸ்டிர்லிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கண் எடுக்காத தாய் இறாலின் குஞ்சுகளையும் கண் எடுத்த தாயின் குஞ்சுகளையும் நோய்க்கிருமிக்கு ஆளாக்கிப் பார்த்தார்கள். கண் எடுக்காத தாயின் குஞ்சுகள்தான் அதிகம் பிழைத்தன. பிரிட்டன் 2022-ல் இறால், நண்டு வகைகளையும் வலி உணரும் உயிர்களாகச் சட்டத்தில் சேர்த்தது. நல்ல சாப்பாடும் பொறுமையும் இருந்தால் கண்ணை விட்டுவிடலாம் என்ற பேச்சு, இறால் வாங்கும் நாடுகளில் வலுக்கிறது. இந்திய இறால் போவதும் அந்தச் சந்தைகளுக்குத்தான்.

புழுவிலும் சிக்கல் உண்டு. இறால் பண்ணைகளைக் காலி செய்யும் வெண்புள்ளி நோயின் வைரஸைக் கடற்புழுவும் சுமந்து வரக்கூடும் என்று, சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் 2005-லேயே காட்டினார்கள். வனாமி இந்தியாவுக்குள் அனுமதிக்கப்பட்டது 2009-ல். நோயில்லாத தாய் இறாலை வெளிநாட்டிலிருந்து விமானத்தில் கொண்டுவந்து, நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதித்து, ஹேச்சரிக்கு அனுப்புகிறார்கள். அத்தனை காவலையும் தாண்டி, ஒரு பிடி சேற்றுப் புழு நோயை உள்ளே விட்டுவிடலாம்.

சேற்றுக்கும் நஷ்டம்தான். பழவேற்காடு மாதிரி ஏரிகளில் புழுவுக்காகச் சேற்றைத் தோண்டுவதை மீனவர்கள் எதிர்த்திருக்கிறார்கள். காரணம் எளிது. அந்தச் சேற்றில்தான் நண்டும் மீன்குஞ்சும் நாட்டு இறாலும் மேய்கின்றன. ஹேச்சரித் தாய்க்குப் பந்தி போட, கடலின் தாய்களுக்குப் பட்டினி வைக்க முடியாது. புழுவையே சுத்தமான தொட்டியில் வளர்ப்பதும், கடல்பாசி எண்ணெயைத் தீவனத்தில் சேர்ப்பதும்தான் இதற்கு வழி. உண்மையில் இந்தக் கொழுப்பின் முதல் சமையல்காரரே கண்ணுக்குத் தெரியாத கடல்பாசிதான். புழு, கணவாய், மீன் எல்லாமே கை மாற்றிக் கொடுப்பவைதான்.

மனிதத் தாய்க்கு?

வயிற்றுப் பிள்ளையின் மூளையும் கண்ணும் கடைசி மூன்று மாதங்களில் டி.எச்.ஏ.வை வேகமாகச் சேர்க்கின்றன. அதை அம்மாவின் உடலிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். ஆளி விதையில் இருக்கும் ஒமேகா-3 நல்லதே. ஆனால், அதை டி.எச்.ஏ.வாக மாற்றுவதில் மனித உடலும் கொஞ்சம் மந்தம்தான்.

அரசு தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பேரீச்சம்பழம், நெய், சத்துமாவு, இரும்புச்சத்து டானிக் எல்லாம் வருகின்றன. கடல் கொழுப்பை வீடுதான் சேர்க்க வேண்டும். அதற்கு வஞ்சிரம் வாங்க வேண்டியதில்லை. தூத்துக்குடிப் பக்கம் சாளை என்று சொல்லும் மத்தியும், நெத்திலியும் போதும். சின்ன மீன்கள்தான், ஆனால் கடல் கொழுப்பும் உண்டு, விலையும் குறைவு. சுறா மாதிரி பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் கர்ப்ப காலத்தில் தவிர்ப்பது நல்லது. வாரம் இரண்டு முறை குழம்பு வைத்தால் போதும். பொரிப்பதைவிடக் குழம்பு மேல். மீன் சேர்க்காத வீடுகளில், கடல்பாசியிலிருந்து எடுத்த டி.எச்.ஏ. மாத்திரை பற்றி டாக்டரிடம் கேட்கலாம்.

ஹேச்சரியில் தாய் இறாலுக்கு எந்த வேளை, எவ்வளவு புழு, எவ்வளவு கணவாய் என்று கணக்கு வைத்துப் போடுகிறார்கள். ஒரு வேளை தவறினால் நாப்ளி எண்ணிக்கையில் தெரிந்துவிடும் என்ற பயம். காலையில் எழுந்து சமைத்து, தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைத்தாய்ச்சியின் தூக்குவாளிக்குள் என்ன இருக்கிறது என்று, வீட்டில் யாராவது ஒருவர் தினமும் திறந்து பார்க்க வேண்டும்.