கேட்பது யாரென்று கேட்காது

1979-ல் மோடிகான் என்கிற அமெரிக்க கம்பெனி, தன் தொழிற்சாலைக் கன்ட்ரோலர்கள் பேசிக்கொள்ள 'மோட்பஸ்' என்று ஒரு பாஷை செய்தது. ரகசியமில்லை, ராயல்டி இல்லை. மீட்டர், பம்ப், பாய்லர் என்று உலகமே சேர்த்துக்கொண்டது. "பத்தாம் ரிஜிஸ்டரில் என்ன?" என்றால் "எழுபத்திரண்டு" என்று சமர்த்தாகச் சொல்லும். மாற்றச் சொன்னால் மாற்றிவிடும். சொல்வது யாரென்று மட்டும் கேட்காது. பாஸ்வேர்டா? மூச்!

2024 ஜனவரியில் உக்ரைனின் லிவிவ் நகரில் எவனோ நெட்வொர்க்கில் புகுந்து, ஹீட்டிங் கன்ட்ரோலர்களுக்கு இதே பாஷையில் கட்டளையிட... 600-க்கும் மேற்பட்ட அடுக்குமாடிக் கட்டடங்களில் கிட்டத்தட்ட இரண்டு நாள் கணகணப்பு இல்லை. வெளியே உறைபனி.

ஆள் பார்த்துப் பேசும் மோட்பஸ் 2018-லேயே வந்தாச்சு. ஓடிக்கொண்டிருக்கும் பழைய பெட்டியை எந்த முதலாளி மாற்றுவார், சொல்லுங்கள்?