ஆட்டிசம்: டீச்சருக்கு வீடியோ பாடம் போதுமா?
பள்ளி மணி அடித்ததும் ஐந்து வயதுக் குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறது. அடம் என்று நினைத்தால் டீச்சர் அதட்டுவார். சத்தம் தாங்கலை என்று புரிந்தால், மணி அடிக்கப்போவதை முன்கூட்டியே படம் காட்டிச் சொல்லிவிடுவார்.

இதைக் கற்றுத்தர ஆன்லைன் பயிற்சி நல்ல வழிதான். அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகம் 'அஃபர்ம்' என்ற பெயரில் ஆட்டிசம் பாடங்களை இலவசமாகவே தருகிறது. இங்கே 'நிஷ்தா' ஆசிரியர் பயிற்சி 2020-ல் 'தீக்‌ஷா' தளத்துக்கு வந்தது. எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளும் வகுப்பறை பற்றியும் அதில் பாடம் உண்டு. ஊர்க்கோடிப் பள்ளிக்கும் செல்போனிலேயே பாடம். சும்மா சொல்லக்கூடாது, பெரிய வசதி.

ஆனால் வீடியோவை ஓடவிட்டு, கேள்விகளைத் தட்டிவிட்டால் சான்றிதழ் வந்துவிடுகிறது. குழந்தை அலறும்போது டீச்சர் என்ன செய்கிறார் என்று பக்கத்தில் இருந்து பார்த்துத் திருத்த ஆள் வேண்டாமா? சிறப்பாசிரியர்கள் வகுப்புக்கே வந்து பார்க்கட்டும். சான்றிதழை அப்புறம் கொடுக்கலாம்.