மருந்து இலவசம், நாள் இலவசமல்ல

எனக்குத் தெரிந்த மேசன் தொழிலாளி ஒருவர் உளநலக் கிளினிக்கிற்குச் செல்வதைச் சில மாதங்களாக நிறுத்திவிட்டார். காரணம் கேட்டேன். “மருந்து சும்மாதான் தருகினம் ஐயா. ஆனால் போற அண்டைக்குச் சம்பளம் இல்லையே” என்றார்.

இது நோயை விளங்காதவரின் பேச்சல்ல. மருந்தை விட்டால் நித்திரை கெடும், வீட்டில் சண்டை வரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். காலையில் கொப்பியோடு போய், மருத்துவரைக் கண்டு, மருந்தெடுத்துத் திரும்ப மதியம் கழிந்துவிடும். அரைநாளுக்கு எவரும் மேசனைக் கூப்பிடுவதில்லை. இரண்டு முறை நின்றால் மூன்றாம் முறை ஒப்பந்தகாரர் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்.

அரச உத்தியோகத்தருக்குச் சுகவீன விடுமுறை உண்டு. சீவல் தொழிலாளிக்கும், வெங்காயத் தோட்டத்துக் கூலிப்பெண்ணுக்கும், பங்குக்குக் கடலுக்குப் போகிறவருக்கும் அது இல்லை. ஊழியர் சேமலாப நிதி 1958 முதல் நாட்டில் இருக்கின்றது. இவர்களுள் அநேகரை அது எட்டவில்லை.

தொழில் போனால் மனமும் தளரும் என்பது புதிய கண்டுபிடிப்பல்ல. 1930களின் தொடக்கத்தில் ஒஸ்ரியாவின் மரியந்தால் கிராமத்தில் ஆலை மூடப்பட்டபின், மரீ யாஹோடா முதலிய ஆய்வாளர்கள் அங்கு சென்று பார்த்தார்கள். நேரம் நிறைய இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது. ஆண்களின் நடைகூட மெதுவாகியிருந்தது. 1990 இல் போரினால் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை நின்றபோது, வலிகாமம் வடக்கு மக்கள் ஊரையும் தொழிலையும் ஒருசேர இழந்தார்கள். போரின் தாக்கம் தனிமனிதரோடு நில்லாது குடும்பத்தையும் சமூகத்தையும் சிதைக்கின்றது என்பதை யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் தொடர்ந்து எழுதிவந்துள்ளார். ஆயினும் எமது உதவித் திட்டங்கள் தொழிலையும் உளநலத்தையும் வெவ்வேறு கந்தோர்களிலேயே வைத்திருக்கின்றன.

சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்தில் 2023 இல் அஸ்வெசும வந்தது. மிக வறிய குடும்பத்துக்கான மாதக் கொடுப்பனவு 2025 இல் 15,000 ரூபாவிலிருந்து 17,500 ரூபாவாக உயர்ந்தது. சிறுநீரக நோயாளர், மாற்றுத்திறனாளிகள், முதியோர் ஆகியோருக்குத் தனிக் கொடுப்பனவும் உண்டு. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் நான்கு மாதம் உழைத்து இரண்டு மாதம் முடங்கிப்போகும் மனிதர் இந்தப் பிரிவுகளுள் இலகுவில் அடங்கார்.

செய்யவேண்டியவை பெரிய காரியங்களல்ல. மாதத்தில் இரண்டு கிளினிக்குகளையாவது மாலையில் அல்லது ஞாயிற்றுக்கிழமையில் நடத்தலாம். கிளினிக் கொப்பியின் பதிவையே அத்தாட்சியாகக் கொண்டு, அன்றைய கூலியின் ஒரு பகுதியைப் பிரதேச செயலகம் வழங்கலாம். பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள், நோயுற்ற அங்கத்தவர் சுகமாகித் திரும்பும்வரை அவர் சீவிய மரங்களை அவருக்கென்றே வைத்திருக்கலாம்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். மருந்தை விட்டவர் ஈற்றில் விடுதியில் அனுமதிக்கப்படுகின்றார். அவருக்குத் துணையாக மனைவியோ மகனோ நிற்கவேண்டும். அப்போது அந்த வீட்டில் இரண்டு கூலி இல்லாமற் போகின்றது. அரசுக்கும் செலவு கூடுகின்றது. இதையும் கணக்கில் சேர்த்தே பதில் சொல்லவேண்டும்.

அந்த மேசன் தொழிலாளிக்கு நான் புத்திமதி சொல்லவில்லை. அடுத்த கிளினிக் நாளன்று அவருடைய வீட்டில் உலை வைப்பதற்கு வழி சொல்லாமல், மருந்தைத் தவறாமல் எடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.