லாரி ஓட்டுநரையும் கேளுங்கள்

தூத்துக்குடியில் அந்நாளில் முத்துச் சலாபம், அதாவது முத்துக் குளிப்பு, அறிவிக்கும் முன் சிப்பி விளையும் கடலடிப் பாரைச் சோதிப்பார்கள். பல இடங்களில் ஆட்களை இறக்கிச் சிப்பி எடுத்து, வயது பார்த்து, ஆயிரம் சிப்பிக்கு என்ன விலைக்கு முத்து தேறும் என்று கணக்கிடுவார்கள். சிப்பி முற்றாவிட்டால் குளிப்பு கிடையாது. கடைசிச் சலாபம் 1961-இல் நடந்தது.

அதே கரையிலுள்ள வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தின் நிர்வாக மாற்றத்தை மதிப்பிடுவதிலும் அந்தக் கறார் வேண்டும். 2021-இன் பெருந்துறைமுக ஆணையச் சட்டத்தால் 'பொறுப்புக் கழகம்' போய் 'ஆணையம்' வந்தது. வாரியம் சுருங்கியது, கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரம் கிடைத்தது. பலன் என்ன? சரக்கு டன் கணக்கைக் காட்டுவது போதாது. அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி கூடுதலாக வந்தாலே அந்தக் கணக்கு ஏறிவிடும்.

சுங்கத்துறையின் சரக்கு விடுவிப்பு நேர ஆய்வு இதைவிட நம்பகமானது. அபிப்பிராயம் கேட்காமல், சரக்கு வந்த நேரத்தையும் அனுமதி கிடைத்த நேரத்தையும் பதிவேட்டிலிருந்தே எடுக்கிறது. ஆனால் தேசிய ஆய்வுக்கான மாதிரி ஜனவரி முதல் வாரத்துச் சரக்குதான். ஒரு வாரம் ஆண்டு முழுவதற்கும் சாட்சி சொல்லுமா? ஏற்றுமதிச் சரக்கோடு வாயிலுக்கு வெளியே லாரியில் படுத்துக் கிடப்பவரின் இரவு அந்தக் கடிகாரத்தில் ஏறுவதும் இல்லை.

கருத்துக் கேட்பதில் சிக்கல் இன்னும் ஆழம். நாளைக்கும் அதே அதிகாரியிடம் போய் நிற்க வேண்டிய சுங்க முகவர், பெயர் எழுதிய படிவத்தில் குறை சொல்வாரா? வெளியார் ஒருவர், பெயர் கேட்காமல், லாரி நிறுத்தத்திலும் பழைய துறைமுகத் தோணிக்காரர்களிடமும் உப்பு ஏற்றுமதியாளர்களிடமும் கேட்க வேண்டும். யாரைக் கேட்பது என்பதைக் குலுக்கலில் தீர்மானிக்க வேண்டும். துறைமுகம் பட்டியல் தரக் கூடாது.

எனக்குப் பெரிய கவலை வேறு. அந்தச் சட்டம் 11 பெருந்துறைமுகங்களுக்கும் ஒரேயடியாக வந்தது. மாறாத துறைமுகம் ஒன்றை அருகில் வைத்து ஒப்பிட வழியில்லை. அப்படியானால் முன்பிருந்த நிலையின் பதிவு ஒன்றே துணை. 2020-இல் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று இன்று கேட்டால், கொரோனாக் காலத்து நினைவும் கலந்துதான் பதில் வரும்.

அடுத்த மாற்றத்திலாவது இந்தக் குறை நேரக் கூடாது. இதே துறைமுகத்தின் வெளித் துறைமுகச் சரக்குப் பெட்டக முனையத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அது இயங்கத் தொடங்கும் முன்பே வாயிலில் காத்திருக்கும் நேரம், தொழிலாளர் நிலை, மீனவர் குறைகள் ஆகியவற்றை மாதந்தோறும் பதிந்து, விவரங்களைத் தமிழில் வெளியிட வேண்டும். முனையம் திறந்த பிறகும் அதே கேள்விகளை, அதே முறையில் கேட்க வேண்டும்.