அப்பா என்ன செய்கிறார்?

மே, ஜூன் மாதங்களில் கிண்டியிலும் அம்பத்தூரிலும் கோவை அவினாசி சாலையிலும் உள்ள அலுவலக வரவேற்பறைகளில் இவர்களைப் பார்க்கலாம். முந்தின இரவு ஊரில் பஸ் ஏறி, விடிகாலையில் கிளாம்பாக்கத்திலோ காந்திபுரத்திலோ இறங்கி, கட்டணக் கழிப்பறையில் முகம் கழுவி, இஸ்திரி போட்ட சட்டைக்கு மாறி வந்தவர்கள். மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து எம்.பி.ஏ. சான்றிதழ் வரை வரிசை மாறாமல் அதில் இருக்கும். 'மேனேஜ்மென்ட் ட்ரெய்னி' வேலைக்கு வந்திருக்கிறார்கள். ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருப்பார்கள். பெயரைக் கூப்பிட மதியம் இரண்டு மணி ஆகிவிடும். உள்ளே பத்து நிமிடம். 'உங்களைப் பத்திச் சொல்லுங்க' என்பது முதல் கேள்வி. அடுத்தது பெரும்பாலும், 'அப்பா என்ன பண்றார்?'

இந்த இரண்டாவது கேள்வி நேர்காணல் அறையை விட்டுப் போக வேண்டும்.

கேட்பவர்களில் பலருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. வந்த பிள்ளையின் படபடப்பைக் குறைப்பதற்காகக் கேட்டேன் என்பார்கள். ஆனால், அப்பா வங்கி மேலாளர் என்று சொன்னால் பேச்சு வளர்கிறது. எந்தக் கிளை, அங்கே இன்னார் இருக்கிறாரே தெரியுமா என்று அறையே இலகுவாகிவிடுகிறது. அப்பா கட்டட வேலைக்குப் போகிறார் என்றால், 'ஓ... ஓகே' என்பதோடு நின்று, பேனா காகிதத்துக்குத் திரும்பிவிடுகிறது. அப்பா இறந்துவிட்டார் என்று முன்பின் தெரியாத மூன்று பேர் முன்னால் சொல்ல வேண்டிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். தொடர்ந்து 'சொந்த ஊர் எது, ஊருக்குள்ளே எந்தப் பக்கம்?' என்று வந்தால், அது எதைத் தேடிப் போகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும்.

இது புதிய குறையும் இல்லை. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியில் இடம் கேட்டுப் போன மாணவர்கள் இதே குறையோடுதான் உச்ச நீதிமன்றம் போனார்கள். அங்கே எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண், நேர்காணலுக்கு 50. ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைத்தது. அதிலும் பெற்றோர் யார், வீடு எங்கே என்றே கேட்டார்கள் என்பது அவர்களின் முறையீடு. அஜய் ஹாசியா வழக்கு என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் அந்த வழக்கில், 1980 நவம்பரில் நீதிபதி பி.என். பகவதி எழுதிய தீர்ப்பு, மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணை நேர்காணலுக்கு வைப்பது தான்தோன்றித்தனம் என்றது. 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும், நேர்காணலை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றும் சொன்னது. அரசும் அரசு சார்ந்த நிறுவனங்களும்தான் அந்தத் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவை. தனியார் நிறுவனத்தின் அறைக்குள் அது நுழையவே இல்லை.

நுழையாததன் விளைவை 2007இல் ஆய்வாளர்கள் அஸ்வினி தேஷ்பாண்டேவும் கேத்தரின் நியூமனும் எழுதிக் காட்டினார்கள். டெல்லியின் மூன்று பல்கலைக்கழகங்களில் ஒரே தகுதியோடு படித்து வெளியே வந்த தலித் மாணவர்களையும் மற்றவர்களையும் வேலை தேடும் காலம் முழுக்கப் பின்தொடர்ந்த ஆய்வு அது. குடும்பப் பின்னணி பற்றிய கேள்வி இரண்டு தரப்புக்கும் வந்திருக்கிறது. ஒரு தரப்புக்கு அது சாதாரண விசாரிப்பு. மற்றத் தரப்பு அதைச் சாதியைத் துருவும் கேள்வியாகவே உணர்ந்தது. அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வுக்காக சுரிந்தர் ஜோத்காவும் நியூமனும் மனிதவள அதிகாரிகளைச் சந்தித்தபோது, தகுதி ஒன்றே பெரிது என்று சொன்ன அதே அதிகாரிகள், குடும்பப் பின்னணியையும் பார்ப்போம் என்று தயக்கமில்லாமல் சொன்னார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. நம்மை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான்.

நியாயம் ஒருபுறம் இருக்கட்டும். நிறுவனத்துக்கு இதில் லாபம் இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. நேர்காணலில் நல்ல பெயர் வாங்கியவர்கள் பின்னால் வேலையில் எப்படி இருந்தார்கள் என்று ஒப்பிட்ட பல பத்தாண்டு ஆய்வுகளை பால் சாக்கெட் குழுவினர் 2022இல் மறுபடி கணக்கிட்டார்கள். முழுப் பொருத்தம் 1 என்று வைத்துக்கொண்டால், எல்லோரிடமும் வேலை தொடர்பான ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவில் மதிப்பெண் போடும் நேர்காணலுக்கு 0.42 கிடைத்தது. வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணலுக்கு 0.19. அனுபவத்தில் ஆளைப் பார்த்ததும் தெரிந்துவிடும் என்று பெருமைப்படும் மேலாளர்கள் இந்த இரண்டு எண்களையும் மேசையில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

ஆங்கிலத்தையும் இதோடு சேர்த்துப் பேச வேண்டும். திருநெல்வேலியில் கடை கடையாக ஏறி, விநியோகஸ்தரிடம் நிலுவை கேட்டு, குடோனில் சரக்குக் கணக்குப் பார்க்கப்போகும் ஒருவரை முழுக்க ஆங்கிலத்திலேயே சோதித்து, 'கம்யூனிகேஷன் போதாது' என்று எழுதி அனுப்புகிறார்கள். குரூப் டிஸ்கஷனில் ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேர் மாறி மாறிப் பேசி முடிக்க, மற்றவர்கள் வாய் திறக்கும் முன் நேரம் முடிந்துவிடுகிறது. ஆங்கிலம் தேவைப்படும் வேலைக்கு ஆங்கிலத்தைச் சோதிக்கட்டும், தவறில்லை. கடைக்காரரைத் தமிழில் சமாதானப்படுத்தத் தெரிந்தவரை அந்தச் சோதனையால் இழக்கிறோம் என்பதாவது நிறுவனத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பதவியின் பெயருக்கும் வேலைக்கும் சம்பந்தமே இல்லாத இடங்களும் நிறைய. மேனேஜர் ஆகப்போகிறோம் என்று போனால் வீடு வீடாகப் பொருள் விற்கச் சொல்கிறார்கள், அல்லது தவணை வசூலுக்கு அனுப்புகிறார்கள். விற்பனையோ வசூலோ இழிவான வேலை கிடையாது. அதை முதலிலேயே சொல்லாமல் மறைப்பதுதான் ஏமாற்று. வேலை தருவதற்கு முன்பணம் கேட்கும் இடத்திலிருந்து அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள். ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்பவர்களிடம் நகலை மட்டும் கொடுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு, 'சொல்லி அனுப்புறோம்' என்கிறார்கள். சொல்லி அனுப்புவதில்லை. அந்த ஒரு வார்த்தையை நம்பி வேறு வேலைக்குப் போகாமல், போனைக் கையை விட்டு இறக்காமல் காத்திருக்கும் வீடுகள் எத்தனையோ. வங்கி அதிகாரி பணிக்கான ஐ.பி.பி.எஸ். தேர்வில் எழுத்துத் தேர்வுக்கு 80, நேர்காணலுக்கு 20 என்ற விகிதம் முன்கூட்டியே தெரியும். தேறாதவர்களும் தங்கள் மதிப்பெண்ணைப் பார்க்க முடிகிறது. லட்சக்கணக்கானவர்கள் எழுதும் தேர்வில் முடிகிற காரியம், நாற்பது பேரைக் கூப்பிட்ட நிறுவனத்துக்கு முடியாதா?

மத்திய அரசு கீழ்நிலைப் பணிகளுக்கு 2016 ஜனவரி முதல் நேர்காணலையே எடுத்துவிட்டது. மேனேஜ்மென்ட் ட்ரெய்னி பணிக்கும் அப்படிச் செய்ய வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. மனிதர்களை வேலை வாங்கப்போகிறவரை நேரில் பார்த்துப் பேசித்தான் ஆக வேண்டும். பேசுவது வேலையைப் பற்றியதாக இருக்கட்டும் என்பதுதான் நம் கோரிக்கை.

இதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கல்லூரிகளின் பிளேஸ்மென்ட் அதிகாரிகள் நினைத்தால் இந்த ஆண்டே தொடங்கலாம். வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனத்திடம் கையில் வரும் மாதச் சம்பளம், வேலை பார்க்கும் ஊர், பாண்டு உண்டா, எத்தனை சுற்று, முடிவு சொல்லும் தேதி ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள். குடும்பத்தையும் பூர்வீகத்தையும் கேட்க மாட்டோம் என்ற வரியையும் அதிலேயே சேருங்கள். கையெழுத்துப் போடத் தயங்கும் நிறுவனத்துக்கு உங்கள் கருத்தரங்கக் கூடத்தைத் திறந்துவிடாதீர்கள். எத்தனை பேருக்கு வேலை என்று விளம்பரப் பலகையில் போடும் எண்ணிக்கை அந்த ஆண்டு கொஞ்சம் குறையலாம். நிர்வாகங்கள் அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும்.